ஜரீனா முகம் விழுந்த ஒரு படம்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். மணி பன்னிரண்டே முக்கால். நம் ஏரிக்கரைப் படக்குழுவில் இரவு ஒன்பதுக்கு மேல் யாரும் எதுவும் போடக்கூடாது என்று விதி வைத்தவளே நான்தான். இனியன் இப்போதுதான் தூங்கினான். இருமல் இன்னும் விடவில்லை. நாலு வரிக்கு ஒருமுறை எழுந்து போய் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். கோர்வையாக இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். பகலில் எழுதியிருக்கலாம்தான். பகலில் எனக்குத் தைரியம் வரவில்லை. நாளைக் காலை வரை தள்ளவும் முடியாது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

ஜரீனா போய் இன்றோடு பதினெட்டு நாள். அன்று காலை இனியனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். போனில் ஜரீனாவின் பெயர் வந்தது. எதற்குக் கூப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆமாம், பார்த்துக்கொண்டே விட்டுவிட்டேன். மறுபடியும் அடித்தது. அந்தத் தடவையும் ஸ்பூனைக் கீழே வைக்கவில்லை. மூன்றாவது முறைதான் எடுத்தேன். "சொல்லு ஜரீனா, குழந்தைக்கு ஊட்டிக்கிட்டிருக்கேன்" என்றேன், கொஞ்சம் சலிப்போடு. அந்தப் பக்கம் அவள் வீட்டுக்காரர்.

"வித்யாம்மா, நா இஸ்மாயிலு பேசுறேன். ஜரீனா நம்மள உட்டுட்டுப் பூட்டுதும்மா."

முந்தாநாள் ஆரிச் சட்டத்தின் முன் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தவள் தலை வலிக்கிறது என்றாளாம். ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு அப்படியே சாய்ந்துவிட்டாளாம். தலைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தாள். எனக்கு ஒன்றுமே தெரியாது. அவள் இருந்த சென்னீர்குப்பத்துக்கும் நம் பருத்திப்பட்டுக்கும் என்ன தூரம் இருக்கிறது?

சமீபத்தில் குழுவில் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஜரீனா பூந்தமல்லியை ஒட்டிய சென்னீர்குப்பத்துக்காரி. என் வயதுதான், முப்பத்தொன்று. கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்வாள். மரச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் ஜரிகையும் மணியும் குத்தும் வேலை. முடித்த ரவிக்கைகளைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு பருத்திப்பட்டுத் தையல் கடைக்கு வருவாள். திரும்பும்போது ஏரிக்கரை வழியாகத்தான் போவாள்.

அங்கேதான் முதலில் பார்த்தேன். அப்போது கேமரா வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. இனியனைப் படம் எடுக்க என் வீட்டுக்காரர் வாங்கித் தந்தது, ஆரம்பநிலைக் கேமரா, கூடவே கொடுக்கும் சின்ன லென்ஸ். ட்ரைபாட் அதைவிட லேசு. இருட்டப் போகிற நேரத்தில் ஏரிக்கு அப்பால் எரிகிற விளக்குகளை எடுக்க முயன்றுகொண்டிருந்தேன். ஒவ்வொரு விளக்கும் புழு மாதிரி நெளிந்து விழுந்தது. ட்ரைபாடின் நடுத்தண்டை முழுக்க மேலே தூக்கி வைத்திருந்தேன், ஏரிக்காற்றில் அது நடுங்கியது. கறுப்பு புர்காவில் ஒருத்தி நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இன்னாங்க, காத்துல ஆடிக்கினு கீதே அது? எறக்கி வெய்யேன். ஒசரமா நின்னாத்தான் படம் வருமா?"

இறக்கினேன். தன் ரவிக்கைப் பையை எடுத்து ட்ரைபாடின் நடுவில் மாட்டினாள். "எங்க சட்டமும் இப்டித்தான். கனம் கட்டலேன்னா ஆடும். இப்ப அமுக்கு."

அமுக்கினேன். விளக்குகள் புள்ளி புள்ளியாக விழுந்தன. அந்தப் பையில் யாரோ ஒரு மணப்பெண்ணின் ரவிக்கை இருந்தது. அதன் கனத்தில்தான் என் முதல் நல்ல படம் வந்தது.

அதற்குப் பிறகு சனிக்கிழமை தோறும் வந்தாள். ராஜேஸ்வரி அக்கா குவார்ட்டர்ஸிலிருந்து வந்து சேர்ந்தார்கள். சுரேஷ் சார் சேர்ந்தார். இப்போது நாம் பதினொரு பேர். ராத்திரிப் படம் என்பது உண்மையில் ராத்திரி எடுப்பது இல்லை, சூரியன் இறங்கி வானம் நீலமாக இருக்கும் அந்த அரை மணி நேரத்தில் எடுப்பது என்று நாம் தெரிந்துகொண்டதும் அந்த நாட்களில்தான். வானம் கறுத்துவிட்டால் படத்திலும் வெறும் கறுப்புதான்.

டார்ச் கதை உங்களில் பலருக்குத் தெரியும். கரையில் தனியாக நிற்கும் கருவேல மரத்தை முப்பது நொடி கேமராவைத் திறந்து வைத்து எடுப்போம். அதற்குள் யாராவது மரத்தின் மேல் டார்ச் அடிக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் கேமரா பக்கத்திலிருந்து நேராக அடித்தோம். மரம் அட்டையில் வெட்டி வைத்த மாதிரி தட்டையாக விழுந்தது. ஜரீனா பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"நேரா அடிச்சா துணி செத்துப்பூடும் வித்யா. நாங்க தையல் பாக்கிறப்போ வெளக்கைப் பக்கத்துல கீழ வெப்போம். அப்பத்தான் ஒவ்வொரு மணியும் எந்திரிச்சு நிக்கும். குடு இங்க."

டார்ச்சை வாங்கிக்கொண்டு மரத்தருகே போனாள். பக்கவாட்டில், தாழ்வாகப் பிடித்து, அடியிலிருந்து நுனி வரை தடவிக்கொண்டே போனாள். "கையை நிறுத்தினா அந்த எடம் மட்டும் வெளுத்துப்பூடும், ஓட்டிக்கினே இருக்கணும்" என்று அங்கிருந்தே கத்தினாள். படத்தைப் பார்த்தபோது ஒவ்வொரு முள்ளும் தனித்தனியாக நின்றது. அதைவிட ஆச்சரியம், மரத்தையே சுற்றிச் சுற்றி வந்தவள் படத்தில் இல்லை. கறுப்புத் துணி, நகர்ந்துகொண்டே இருந்தாள், விளக்கு வேறு அவளுக்கு அந்தப் பக்கம். கேமராவுக்கு அவள் தெரியவே இல்லை.

ராஜேஸ்வரி அக்கா, "ஏட்டி ஜரீனா, நீ என்ன பேயா? போட்டோல விழ மாட்டேங்கியே!" என்றார்கள்.

"யூனிபாரம்க்கா இது. உங்க யாருக்கும் கெடயாது, எனக்கு மட்டும்தான் கீது" என்றாள் ஜரீனா, புர்காவின் விளிம்பைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

எல்லோரும் சிரித்தோம். அன்றிலிருந்து டார்ச் அவள் வேலை என்று ஆகிவிட்டது. யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. யாரும் அவளைக் கேட்கவும் இல்லை. டார்ச் வெளிச்சம் கூசுகிறது என்று ரவிக்கை லைனிங் துணியில் ஒரு துண்டு வெட்டி, அதன் முகத்தில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கொண்டு வந்தாள். "முப்பது செகண்டு, முப்பது தையல்" என்று எண்ணிக்கொண்டே நடப்பாள். அவள் எண்ணிக்கை கேமராவோடு சரியாக முடியும்.

எப்போதாவது தப்பும் நடக்கும். எண்ணும்போது கை திரும்பி வெளிச்சம் அவள் மேலேயே பட்டுவிடும், அல்லது சிரித்துக்கொண்டு கொஞ்சம் நின்றுவிடுவாள். அப்போது மரத்தருகே அவள் முகம் விழும். நான் கத்துவேன். என்ன கத்துவேன் என்று இங்கே அப்படியே எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன், எழுதுகிறேன்: "ஐயோ ஜரீனா, உன் மூஞ்சி விழுந்து படம் கெட்டுப்போச்சு!" சொல்லிக்கொண்டே அங்கேயே அழித்துவிடுவேன். அவள், "சாரி சாரி, இன்னொரு தபா போ" என்று மரத்தடிக்கு ஓடுவாள்.

ஒரு சனிக்கிழமை அவள் கேட்டாள். மற்றவர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். "வித்யா, ஒரு தபா நா அமுக்கிப் பாக்கட்டா? நீ போய் டார்ச்சு அடி."

நான் பயந்தவள் என்று உங்களுக்குத் தெரியும். தெருநாய்க்குப் பயம், கொசுவுக்குப் பயம், இனியன் தும்மினால் பயம். கேமராவுக்கும் அப்படித்தான், யார் தொட்டாலும் கீழே விழுந்துவிடும் என்று பயம். "இருட்டிடுச்சு ஜரீனா, அடுத்த வாரம்" என்றேன். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அதே மாதம் சுரேஷ் சார் கேட்டபோது கொடுத்தேன். அவர் பட்டனை அமுக்கும்போது ஆடாமல் இருக்க இரண்டு நொடி டைமர் வைக்கச் சொல்லிக் கொடுத்தார். என் கேமராவை அவர் தொட்டபோது எனக்குப் பயம் வரவில்லை. என் பயம் எல்லோரிடமும் ஒரே மாதிரி வரவில்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். அடுத்த வாரமும் ஜரீனா வந்தாள். நான் டார்ச்சை எடுத்து நீட்டினேன், வாங்கிக்கொண்டாள். மறுபடி அவள் கேட்கவில்லை.

இனி குடியிருப்போர் சங்க ஆண்டு விழா. உங்களில் நிறையப் பேர் அங்கே இருந்தீர்கள். கருவேல மரப் படத்துக்கு முதல் பரிசு. பரிசு ஒரு ஹாட் பாக்ஸ். செயலாளர் மைக்கை என் முன்னால் நீட்டி, "மேடம், மரத்து மேல இந்த வெளிச்சம் எப்படி வந்துச்சு? அதைச் சொல்லுங்க" என்று கேட்டார்.

முதல் வரிசையில் என் மாமியார் இருந்தார்கள். "கைக்குழந்தையை விட்டுட்டு மரத்தைப் படம் எடுக்கப் போறாளாம்" என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள். பக்கத்தில் என் வீட்டுக்காரர். மூன்றாவது வரிசையில் ஜரீனா, பச்சை முக்காடு, மடியில் மகள் ஆயிஷா.

நான் சொன்னேன்: "கேமராவை ட்ரைபாட்ல வெச்சுட்டு, டைமர் போட்டு, நானே ஓடிப்போய் டார்ச் அடிச்சேன் சார்."

கைதட்டினார்கள். நீங்களும் கைதட்டினீர்கள். உங்களில் நாலு பேருக்காவது அது பொய் என்று தெரியும். யாரும் எதுவும் சொல்லவில்லை. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, எனக்கு அது அன்று வசதியாக இருந்தது என்று மட்டும் சொல்கிறேன். பாதிப் படம் இன்னொருத்தியுடையது என்று சொன்னால் மாமியார் மறுபாதியையும் கழித்துவிடுவார்களோ என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம். எழுதிப் பார்த்தால் இவ்வளவு சின்னதாக இருக்கிறது.

ஜரீனாவும் கைதட்டினாள். கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இன்னா வித்யா, டப்பா சோக்கா கீதே! குடு எங்கிட்ட. சும்மாவா எடுத்துக்கினு போவே ஊட்டுக்கு?"

வாங்கிக்கொண்டு போனவள் பெருநாளன்று அதை பிரியாணியோடு திருப்பி அனுப்பினாள். ஆயிஷாதான் கொண்டுவந்தாள். மூடியைத் திறந்தபோது ஆவி வந்தது. இரண்டு கறித் துண்டுகளைத் தனியாக ஒரு கிண்ணத்தில், காரமில்லாமல், இனியனுக்கென்று வைத்திருந்தாள். மாமியார் முதல் ஆளாகத் தட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். "யாரு அந்தப் பொண்ணு? நல்ல கைப்பக்குவம்" என்றார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தோழி என்றேன், அவ்வளவுதான். இப்போதும் இனியனின் இட்லி அந்த ஹாட் பாக்ஸில்தான் இருக்கிறது. தினமும் காலையில் திறக்கிறேன்.

அவளைப் பார்ப்பதைத் தவிர்க்க ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான். தப்புச் செய்தவள் நான், விலகிப்போனவளும் நானே. அவளிடம் ஒரு மாற்றமும் இல்லை, சனிக்கிழமை வருவாள், பையை மாட்டுவாள், எண்ணுவாள். போன மாதம் ஒரு குரல் செய்தி அனுப்பினாள். இன்று வரை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

"வித்யா, ஊட்டுல கீறியா? ஒரு வேலை. என்னிய ஒரே ஒரு போட்டோ எடுத்துக் குடேன். ஆயிசா கேக்குது. கல்யாண ஆல்பம்தான் வெள்ளத்துல பூட்சே. உங்க எல்லா படத்துலயும் கீறேன், ஒண்ணுலயும் நா இல்ல, பாரேன் வேடிக்கைய! அவசரம் இல்ல, உனுக்குத் தோதுபட்டப்போ."

சரி என்று கட்டைவிரல் குறி ஒன்றை அனுப்பினேன். பிறகு இனியனுக்குக் காய்ச்சல். பிறகு மழை. பிறகு ஊரிலிருந்து நாத்தனார். எல்லாமே உண்மைதான், ஒன்றும் பொய் இல்லை. ஆனால் பத்து நிமிடம் போதும் அந்தப் படத்துக்கு. அவள் முகத்தை நேராகப் பத்து நிமிடம் பார்க்க வேண்டுமே என்றுதான் தள்ளிக்கொண்டே போனேன். அன்று காலை போன் அடித்தபோதும் அந்தப் போட்டோவுக்குத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

போன வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். இஸ்மாயில் பாய் நாற்காலி போட்டார். சட்டத்தில் பாதி முடித்த ரவிக்கை அப்படியே இருந்தது, ஊசியும் அதிலேயே. "நாங்க படம் மாட்ட மாட்டோம்மா, எங்கள்ல பழக்கம் இல்ல. பாப்பாதான் கேட்டுக்கினே கீது. ஆதார் கார்டுல கீற போட்டோவைக் காட்னா, இது அம்மா மாரியே இல்லன்னு அழுவுது. ஜரீனா போன்லயும் பாத்துட்டேன், பூரா ரவிக்கையா கீது. உங்ககிட்ட எதுனா கெடக்குமாம்மா?"

என்னிடம் ஒரே ஒரு படம் இருந்தது. அங்கே போவதற்கு முன்பே மெமரி கார்டில் மூன்று இரவு தேடிக் கண்டுபிடித்தேன், அழிக்க மறந்த ஒரு படம். மரத்தின் ஓரத்தில் ஒரு கை மட்டும் விழுந்திருக்கிறது. லைனிங் துணி கட்டிய டார்ச், அதைப் பிடித்த விரல்கள், ஆள்காட்டி விரல் நுனியில் ஊசி குத்திக் குத்தித் தடித்த இடம். மணிக்கட்டுக்கு மேல் இருட்டு.

ஆயிஷாவிடம் போனைக் கொடுத்தேன். பத்து வயதுப் பெண். "அம்மா கைதான்" என்றாள் உடனே. பிறகு திரையில் விரலை வைத்துப் படத்தைக் கீழே இழுத்தாள். மறுபடி இழுத்தாள்.

"மேல கொஞ்சம் கீதா ஆன்ட்டி?"

இல்லைம்மா, இவ்வளவுதான் என்றேன். அவள் நம்பவில்லை. இன்னொரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

முப்பது நொடிப் படத்தில் நின்றால் விழுவோம், நடந்துகொண்டே இருந்தால் விழமாட்டோம். இதைக் குழுவில் புதிதாக வருகிறவர்களுக்கு நானே எத்தனை முறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஜரீனா ஒரு தடவை நின்றிருந்தால் போதும். நாம்தான் அவளை நிற்க விடவில்லை. நின்றபோதெல்லாம் படம் கெட்டது என்று சொல்லி அழித்தவள் நான்.

அவளிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த டார்ச். என் கேமராப் பையிலேயே இருந்துவிட்டது. திருப்பிக் கொடுக்கப் போனேன், "வெச்சுக்கோம்மா, அது உங்க வேலைக்குத்தானே" என்றார் பாய். இப்போது இனியனுக்கு மருந்து கொடுக்க எழும்போது பெரிய விளக்கைப் போடுவதில்லை. அதை எடுத்துத் தரையில், பக்கவாட்டில் வைக்கிறேன். அந்த வெளிச்சத்தில் அவன் முகம் எந்திரிச்சு நிற்கிறது. இன்னொன்றையும் நான் வைத்துக்கொள்ளப் போகிறேன், இந்த வெட்கத்தை. உங்களிடம் சொல்லிவிட்டதால் அது குறையட்டும் என்று நான் எழுதவில்லை. நாளைக் காலை செயலாளரைப் பார்த்து, சங்க அறையில் மாட்டியிருக்கும் படத்தின் கீழே ஜரீனாவின் பெயரையும் எழுதச் சொல்லப் போகிறேன். மாமியாரிடம் இன்று மாலையே சொல்லிவிட்டேன். அவர்கள், "அந்தக் குழந்தைக்கு யாரு சமைக்கிறா இப்ப?" என்று கேட்டார்கள்.

இந்த நேரத்தில் எழுதியதற்கான காரணம் இதுதான். நாளை சனிக்கிழமை. நீங்கள் எல்லோரும் கேமராவோடு கரைக்கு வருவீர்கள். கார்டில் அழித்த படத்தைக்கூடச் சில சமயம் மீட்டுவிடலாம் என்று ஆவடியில் ஒரு கடைக்காரர் சொன்னார். ஆனால் அதன் மேல் புதுப் படம் எடுத்துவிட்டால் போய்விடுமாம். என் கார்டில் நான் மேலே மேலே எடுத்துவிட்டேன். அந்தக் கையைத் தவிர அதில் ஒன்றும் மிஞ்சவில்லை. அதனால் தயவுசெய்து நாளை பழைய கார்டுகளில் எதுவும் எடுக்காதீர்கள். சுரேஷ் சார், உங்கள் பழைய லேப்டாப்பையும் பாருங்கள். ராஜேஸ்வரி அக்கா, உங்கள் போனில் நாம் சிரித்துக்கொண்டிருந்தபோது எடுத்த ஏதாவது இருக்கலாம். நல்ல படங்களில் தேட வேண்டாம், அவற்றில் அவள் இருக்க மாட்டாள். கெட்டுப்போன படங்களில் தேடுங்கள். ஆடியது, வெளுத்தது, மூஞ்சி விழுந்தது, எதுவானாலும் அனுப்புங்கள்.

ஆயிஷா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். படம் இருந்தாலும் இல்லையென்றாலும், காலையில் இதைப் பார்த்ததும் எனக்குச் சீக்கிரம் பதில் போடுங்கள்.

வித்யா